மங்கு உள்ள முகத்துக்கு எந்தச் சன்ஸ்கிரீன்: கெமிக்கலா, மினரலா?

கேள்வி: எனக்கு 36 வயது, மாநிறம். இரண்டு ஆண்டுகளாக இரு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு படர்ந்திருக்கிறது. அலுவலகத்துக்குள் அமர்ந்து செய்யும் வேலைதான் என்றாலும், என் இருக்கை பெரிய கண்ணாடி ஜன்னலை ஒட்டி இருக்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன் எஸ்பிஎஃப் 50 கொண்ட 50 கிராம் கெமிக்கல் சன்ஸ்கிரீன் வாங்கித் தினமும் காலையில் முகத்திலும் கழுத்திலும் பூசி வருகிறேன். இன்னும் சிறிது மீதம் இருக்கிறது. மதியத்துக்குள் அது வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிகிறது, மங்கும் குறையவில்லை. கெமிக்கல் சன்ஸ்கிரீன் ரத்தத்தில் கலக்கிறது என்று படித்த பிறகு பயந்து மினரல் சன்ஸ்கிரீனுக்கு மாறினேன். அதைப் பூசினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. இரண்டில் எதைத் தினமும் பயன்படுத்துவது? எட்டு வயது மகளுக்கும் அதையே பூசலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முகத்துக்கு, தோல் நிறத்தோடு ஒத்துப்போகும் நிறமி சேர்த்த மினரல் சன்ஸ்கிரீன் பொருத்தமானது. கழுத்துக்கும் கைகளுக்கும், இப்போது கையில் இருக்கும் கெமிக்கல் சன்ஸ்கிரீனையே தாராளமாகத் தொடரலாம். கெமிக்கல் கெட்டது, மினரல் நல்லது என்ற எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. உங்கள் மங்குக்கு வேண்டிய ஒரு பொருள் நீங்கள் வாங்கிய இரண்டு குழாய்களிலும் பெரும்பாலும் இருந்திருக்காது. அந்தப் பொருள் நிறமி சேர்த்த வகையில்தான் கிடைக்கிறது. அது என்ன என்பதற்கு வருமுன், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஒரு விவரத்தைப் பார்த்துவிடுவோம்.

ஐந்து மாதமாகத் தினமும் பூசியும் 50 கிராம் குழாய் தீரவில்லை என்கிறீர்கள். சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயில் சுடாமல் காக்கும் திறனைக் காட்டும் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி ஆய்வகத்தில் அளக்கப்படுவது. முகம், காது, முன்கழுத்து ஆகியவற்றைச் சேர்த்தால் சுமார் 600 சதுர சென்டிமீட்டர் வரும். அதற்கு ஏறத்தாழ 1.2 கிராம் வேண்டும். அந்தக் கணக்கில் நாளுக்கு ஒரு முறை பூசினால்கூட உங்கள் குழாய் ஆறு வாரத்தில் காலியாகியிருக்க வேண்டும். 150 நாட்களுக்கு மேல் வந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு காலையும் நீங்கள் பூசியது வேண்டிய அளவில் கால் பங்கைவிடச் சற்றே கூடுதலாக இருந்திருக்கும். பூச்சு மெலிய மெலியப் பாதுகாப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைகிறது. ஆகவே எஸ்பிஎஃப் 50 என்று அச்சிட்ட களிம்பு உங்கள் கன்னத்தில் பத்துப் பதினைந்துக்கு மேல் வேலை செய்திருக்க வாய்ப்பில்லை. இதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. சன்ஸ்கிரீன் பூசுவோரில் பெரும்பாலானோர் வேண்டிய அளவில் கால் முதல் அரைப் பங்குதான் பூசுகிறார்கள் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

எந்த வகை என்ற கேள்வியைவிட எவ்வளவு என்ற கேள்வி பெரியது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். எஸ்பிஎஃப் 15 கொண்ட சன்ஸ்கிரீனை முறையாகப் பூசினால் தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யுவிபி கதிர்களில் சுமார் 93 விழுக்காட்டையும், 30 கொண்டது 97 விழுக்காட்டையும், 50 கொண்டது 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. காகிதத்தில் இந்த வேறுபாடு சிறியது. தடிமனாகப் பூசுவதற்கும் மெல்லியதாகப் பூசுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு அதைவிட மிகப் பெரியது. எனவே எந்தச் சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுத்தாலும், முழு அளவு பூசிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போக உங்களுக்கு மனம் ஒப்புகிறதா என்பதுதான் முதல் சோதனை. சாம்பல் பூத்த முகத்தோடு அலுவலகத்துக்குப் போக யாருக்கும் மனம் வராது. வராதபோது கை தானாகவே அளவைக் குறைத்துவிடும். கண் எரிச்சலும் அதையேதான் செய்கிறது.

இப்போது இரு வகைகளும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம். கெமிக்கல் சன்ஸ்கிரீன் கதிர்களை உறிஞ்சுகிறது, மினரல் சன்ஸ்கிரீன் கண்ணாடிபோல் அவற்றைத் திருப்பி அனுப்புகிறது என்ற விளக்கத்தை நீங்கள் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அழகுப் பொருள் விளம்பரங்களில் மட்டுமல்லாமல் சில மருத்துவக் கையேடுகளிலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதன் இரண்டாம் பாதி தவறு. 2016-இல் வெளியான அளவீடு ஒன்று, மினரல் சன்ஸ்கிரீனில் உள்ள ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் புற ஊதாக் கதிர்களில் 4 முதல் 5 விழுக்காடு வரை மட்டுமே திருப்பி அனுப்புகின்றன என்றும், எஞ்சிய வேலை முழுவதும் உறிஞ்சுவதால்தான் நடக்கிறது என்றும் காட்டியது. அவை திருப்பி அனுப்புவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை. உங்கள் முகம் சாம்பல் பூத்துத் தெரிவதற்கு அதுவே காரணம். துகள்களைப் பொடிக்கப் பொடிக்க வெண்மை குறையும். அதனால்தான் இன்றைய மினரல் சன்ஸ்கிரீன்கள் பலவற்றில் நானோ அளவுத் துகள்கள் சேர்க்கப்படுகின்றன.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கெமிக்கல் சன்ஸ்கிரீனில் உள்ள அவோபென்சோன், ஆக்டோகிரைலீன், ஆக்டினாக்சேட், ஹோமோசாலேட் போன்றவை எண்ணெயில் கரையும் கரிம மூலக்கூறுகள். கரைந்து நிற்பதால் அவை நிறமின்றி, மெல்லிய படலமாகப் பரவுகின்றன. அதே காரணத்தால் வியர்வையோடு நகரவும், தோலுக்குள் ஓரளவு இறங்கவும் அவற்றால் முடியும். யுவிபி-யைவிட அலைநீளம் கூடிய புற ஊதாக் கதிர்களான யுவிஏ-யை நன்றாக உறிஞ்சும் அவோபென்சோன், வெயில் பட்டால் தானே சிதையும் இயல்புடையது. அதை நிலைநிறுத்தவே ஆக்டோகிரைலீனைச் சேர்க்கிறார்கள். ஆக்டினாக்சேட்டோடு சேர்ந்தாலோ அதன் சிதைவு கூடுகிறது. மினரல் துகள்கள் கரையாதவை, தோலின் மேற்பரப்பிலேயே தங்குபவை, வெயிலில் சிதையாதவை. ஆனால் அவற்றைச் சீராகப் பரப்புவது கடினம். டைட்டானியம் டை ஆக்சைடு யுவிபி-யை நன்றாகத் தடுத்தாலும் நீண்ட அலைநீள யுவிஏ-யைப் போதிய அளவு தடுப்பதில்லை. ஜிங்க் ஆக்சைடு அந்தப் பகுதியிலும் வேலை செய்யும். அதனால் மினரல் வகை வாங்குவோர் டைட்டானியம் மட்டும் உள்ளதைத் தவிர்த்து, ஜிங்க் ஆக்சைடு உள்ளதைத் தேடுவது நல்லது.

ரத்தத்தில் கலப்பது பற்றிய உங்கள் அச்சத்துக்கு அடிப்படை உண்டு. அதன் பொருள்தான் வழியில் எங்கோ மாறிவிட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் 24 பேரைக் கொண்டும் 2020-இல் 48 பேரைக் கொண்டும் நடத்திய சோதனைகளில், சோதிக்கப்பட்ட கெமிக்கல் பொருட்கள் அனைத்தும் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற வரம்பைத் தாண்டின. முதல் சோதனையில் உடலின் 75 விழுக்காட்டுப் பரப்பில், முழு அளவில், நாளுக்கு நான்கு முறை வீதம் நான்கு நாட்கள் பூசினார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் காலையில் ஒரு முறை பூசுபவரின் நிலை இதுவல்ல. அந்த 0.5 என்பதும் நஞ்சாகும் அளவைக் குறிக்கும் கோடு அன்று. அதற்குக் கீழே இருந்தால் சில பாதுகாப்புச் சோதனைகளைச் செய்யாமல் விடலாம், தாண்டினால் செய்தே ஆக வேண்டும் என்று நிர்வாகம் வகுத்த எல்லை அது. எனவே இந்த முடிவுகள் கேட்பது கூடுதல் சோதனைகளை; சன்ஸ்கிரீனை நிறுத்தச் சொல்லி ஆய்வாளர்கள் கூறவில்லை என்பது மட்டுமல்ல, தொடர்ந்து பயன்படுத்தும்படியே கூறினார்கள்.

அதே நிர்வாகம் 2019-இல் வெளியிட்ட வரைவு விதியில், அங்கே புழக்கத்தில் இருந்த 16 பொருட்களில் ஜிங்க் ஆக்சைடையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் மட்டுமே பாதுகாப்பும் பயனும் உறுதியானவை என்று வகைப்படுத்தியது. இரண்டை ஏற்க மறுத்தது. மீதமுள்ள 12 பொருட்களுக்கும் கூடுதல் தரவு வேண்டும் என்றது. இந்தப் பன்னிரண்டையும் ஆபத்தானவை என்று அறிவித்துவிட்டதாகத்தான் செய்தி பரவியது. தரவு போதாது என்பதும் தீங்கு நிறுவப்பட்டது என்பதும் ஒன்றல்ல.

ஆனாலும் எல்லாக் கெமிக்கல் பொருட்களையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. மேற்சொன்ன சோதனைகளில் ஆக்சிபென்சோன் மற்றவற்றைவிடப் பன்மடங்கு அதிகமாக ரத்தத்தில் காணப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2021-இல் அதை ஆராய்ந்து, முகத்துக்கான பொருட்களில் 6 விழுக்காட்டுக்கும், உடல் முழுதும் பூசுவனவற்றில் 2.2 விழுக்காட்டுக்கும் மிகக் கூடாது என்றது. ஒளி பட்டுத் தூண்டப்படும் ஒவ்வாமையிலும் அதற்கு முதன்மையான பங்கு உண்டு. பவளப்பாறைகளுக்குக் கேடு என்ற காரணத்துக்காக ஹவாய் மாநிலம் ஆக்சிபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் உள்ள சன்ஸ்கிரீன்களின் விற்பனையை 2021 ஜனவரி முதல் தடை செய்திருக்கிறது. கடல்நீரில் உண்மையில் கலக்கும் அளவு அந்தக் கேட்டுக்குப் போதுமா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. இவ்வளவு ஐயங்கள் இருக்கும்போது, அதைவிட நல்ல மாற்றுகளும் கிடைக்கும்போது, ஆக்சிபென்சோன் உள்ளதை வாங்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. பெமோட்ரிசினால் போன்ற பிற்காலக் கெமிக்கல் பொருட்களின் மூலக்கூறுகள் பெரியவை. தோலைக் கடப்பது அவற்றுக்கு மிகக் கடினம். அவை வெயிலிலும் எளிதில் சிதைவதில்லை. குழாயின் பின்புறத்தில் அந்தப் பெயரைக் கண்டால் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நானோ துகள்கள் உடலுக்குள் போகுமே என்று அடுத்த கேள்வி எழக்கூடும். காயமில்லாத தோலில் அவை இறந்த செல்களாலான மேலடுக்கைத் தாண்டுவதில்லை என்பதையே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. மூச்சோடு உள்ளே போவது வேறு விஷயம். ஆகவே மினரல் சன்ஸ்கிரீனைத் தூளாகவோ ஸ்பிரேயாகவோ வாங்க வேண்டாம்.

கெமிக்கல் சன்ஸ்கிரீனின் நன்மைக்கு உள்ள வலுவான சான்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், ஒரு பிரிவினர் தினமும் சன்ஸ்கிரீன் பூசினார்கள். மறுபிரிவினர் தங்கள் விருப்பப்படி நடந்துகொண்டார்கள். தினமும் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. அவர்களின் தோல் முதுமையடைவது 24 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2013-இல் தெரியவந்தது. அவர்கள் பூசியது அவோபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் கலந்த, எஸ்பிஎஃப் 16 மட்டுமே கொண்ட சாதாரணக் கெமிக்கல் களிம்பு. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத் தோலினர் என்பதால் புற்றுநோய் பற்றிய எண்களை மாநிறத்தோருக்கு அப்படியே பொருத்த முடியாது; தினமும் விடாமல் பூசுவது எவ்வளவு தூரம் பலன் தரும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் மங்கு. இதுவரை சொன்ன எல்லாம் புற ஊதாக் கதிர்களைப் பற்றியவை. மங்கைக் கறுக்கவைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், அதிலும் நீலம், ஊதாப் பகுதிக்குப் பங்கு உண்டு. 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் தோலில் பாய்ச்சியபோது மாநிறம் முதல் கருநிறம் வரையிலான தோல்களில் ஆழ்ந்த, நீடித்து நிற்கும் கருமை உண்டாயிற்று. வெளிர்நிறத் தோலில் அது உண்டாகவில்லை. சன்ஸ்கிரீன் ஆராய்ச்சியின் பெரும்பகுதி வெளிர்நிறத் தோலை வைத்தே நடந்ததால், இந்த உண்மை நம்மைப் போன்ற நிறத்தோரை எட்டத் தாமதமாகிவிட்டது. தோலில் நிறம் தெரியாமல் மறையும்படி செய்யப்பட்ட எந்தச் சன்ஸ்கிரீனும், கெமிக்கலோ நானோ மினரலோ, அந்த ஒளியைப் பெரிதாகத் தடுக்காது. ஒளி ஊடுருவிச் செல்வதால்தானே அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது! உங்கள் கெமிக்கல் சன்ஸ்கிரீனை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பூசியிருந்தாலும் மங்கு முழுமையாக அடங்கியிருக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த ஒளியை உறிஞ்சுவது இரும்பு ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று நிறங்களில் கிடைக்கும் அதன் கலவையைக் கொண்டுதான் நிறமி சேர்த்த சன்ஸ்கிரீன்களைத் தோலின் நிறத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 2014-இல் வெளியான சோதனையில், மங்கு உள்ளவர்கள் அனைவருக்கும் 8 வாரம் கருமையைக் குறைக்கும் ஒரே ஹைட்ரோகுயினோன் களிம்பைக் கொடுத்து, பாதிப் பேருக்கு வழக்கமான சன்ஸ்கிரீனையும் பாதிப் பேருக்கு இரும்பு ஆக்சைடு சேர்த்ததையும் கொடுத்தார்கள். இரும்பு ஆக்சைடு பூசியவர்களிடம் மங்கு கூடுதலாகக் குறைந்தது. உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் இது ஒரே தீர்வாகிறது. ஜிங்க் ஆக்சைடின் வெண்மையை இரும்பு ஆக்சைடு மறைத்துவிடுவதால் சாம்பல் பூத்த தோற்றமும் போய்விடும். பொருட்களின் பட்டியலில் இரும்பு ஆக்சைடு என்ற பெயராகவோ, சிஐ 77491, 77492, 77499 என்ற எண்களாகவோ அது இருக்கும். நிறம் சேர்த்தது என்று முன்பக்கம் எழுதியிருந்தும் பட்டியலில் இவை இல்லையென்றால் வாங்காதீர்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புறங்கையில் தடவிப் பார்ப்பது பயன்படாது. முகத்தின் நிறம் வேறு. தாடை எலும்பின் ஓரத்தில், கன்னமும் கழுத்தும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடாகப் பூசி, பத்து நிமிடம் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த பிறகு நிறம் சற்று மாறும். கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கலந்துவிட்டால் அதுவே உங்கள் நிறம். ஒரே நிறம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பவை பெரும்பாலும் வெளிர்நிறத்தோருக்கே பொருந்துகின்றன. மூன்று நான்கு நிற வேறுபாடுகளில் வரும் வகையைத் தேடுங்கள்.

பூசும் முறைக்கு வருகிறேன். ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் முழு நீளத்துக்கும், விரல் தொடங்கும் கோட்டிலிருந்து நுனி வரை, சன்ஸ்கிரீனைப் பிதுக்கிக்கொண்டால் முகத்துக்கும் முன்கழுத்துக்கும் ஏறத்தாழ சரியான அளவு கிடைக்கும். மினரல் வகையில் அதை ஒரே தடவையில் தேய்க்க முயன்றால் திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் ஒரு விரல் அளவை நெற்றி, கன்னங்கள், மூக்கு, தாடை எனப் புள்ளிகளாக வைத்து, தேய்க்காமல் அழுத்தி அழுத்திப் பரப்புங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது விரல் அளவை அதே முறையில் பூசுங்கள். மேலுதடும் கன்ன எலும்பும் மங்கு வரும் இடங்கள் என்பதால் அங்கே கை தாராளமாக இருக்கட்டும். மாய்ஸ்சரைசர் பூசும் வழக்கம் இருந்தால் அது முழுதாக உலர்ந்த பிறகே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் களிம்பு திரிதிரியாக உருண்டு வந்துவிடும். இரவில் கழுவும்போது அழுத்தித் தேய்க்காதீர்கள். உராய்வும் மங்கைக் கூட்டும்.

கண் எரிச்சலுக்கு அவோபென்சோன், ஆக்டோகிரைலீன் போன்றவை நெற்றியிலிருந்து வியர்வையோடு வழிவதே பெரும்பாலும் காரணம். முகம் முழுதும் மினரலுக்கு மாறும்போது இது அடங்கிவிடும். நெற்றிக்கு மட்டும் கெமிக்கல், கன்னத்துக்கு மினரல் என்று பிரித்தால் எரிச்சல் தொடரும். இரண்டையும் உள்ளங்கையில் ஒன்றாகக் கலந்து பூசுவதும் வேண்டாம்; ஜிங்க் ஆக்சைடு சில கெமிக்கல் கலவைகளின் யுவிஏ தடுப்பைக் கெடுப்பதாக ஆய்வக முடிவுகள் உள்ளன. முகத்துக்கு ஒன்று, கழுத்துக்கும் கைகளுக்கும் மற்றொன்று என இடம் பிரித்துப் பயன்படுத்துவதில் தடையில்லை. மினரல் வகை உங்கள் தோலை உலர்த்தினால் அடியில் மாய்ஸ்சரைசர் போதும். கழுத்தில் பூசும் கெமிக்கல் சன்ஸ்கிரீன் வெள்ளைச் சட்டைக் காலரில் துருக்கறை போன்ற கறையை உண்டாக்கினால் அஞ்ச வேண்டாம். அவோபென்சோன் துவைக்கும் நீரிலுள்ள இரும்போடு வினைபுரிவதால் வருவது அது.

உங்கள் ஜன்னல் இருக்கை கவனத்துக்குரியது. சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபி-யை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். யுவிஏ-யில் கணிசமான பங்கை உள்ளே விடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சொல்லவே வேண்டாம். தோல் சிவக்காது, சுடாது. ஆகவே வெயில் படுகிறது என்ற உணர்வே வராது, மங்குக்கு வேண்டிய ஒளி மட்டும் நாள் முழுதும் வந்துகொண்டிருக்கும். ஒரு கன்னத்தில் மங்கு கூடுதலாக இருந்தால் அது ஜன்னல் பக்கக் கன்னமா என்று கவனித்துப் பாருங்கள். இருக்கையை மாற்றவோ திரைச்சீலை போடவோ முடிந்தால் எந்தக் களிம்பையும்விட அது மேலானது. முடியாவிட்டால் மதிய உணவுக்குப் பின் ஒரு முறை மீண்டும் பூசிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற விதி வெளியில், வியர்வையிலும் நீரிலும் இருப்போருக்கானது. அறைக்குள் இருப்பவர் அதைக் கடிகாரம் பார்த்துக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. கைப்பேசித் திரையின் நீல ஒளியால் மங்கு வருகிறது என்று சொல்லி விற்கப்படும் களிம்புகளுக்குச் செலவு செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் அந்த ஒளி மிகமிகச் சொற்பம்.

வாங்கும்போது எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், முடிந்தால் 50 உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்பிஎஃப் பெரும்பாலும் யுவிபி-யையே சொல்லும். யுவிஏ-க்குத் தனிக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். பிஏ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு கூட்டல் குறிகள் இருப்பதோ, வட்டத்துக்குள் யுவிஏ என்று அச்சிட்டிருப்பதோ போதுமான தடுப்பைக் காட்டும். முழுதும் மினரல் என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும், பின்பக்கப் பட்டியலில் பியூட்டைலாக்டைல் சாலிசிலேட் போன்ற பெயர்கள் இருப்பதைக் காணலாம். கெமிக்கல் சன்ஸ்கிரீனில் உள்ள ஆக்டிசலேட்டுக்கு அது நெருங்கிய உறவு. எஸ்பிஎஃப் எண்ணை உயர்த்த உதவுவது. ஆனால் கதிர்தடுப்புப் பொருளாகக் கணக்கில் காட்டப்படுவதில்லை. தீங்கு என்று சொல்லமாட்டேன். கெமிக்கலே வேண்டாம் என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்குவோருக்கு மட்டும் அது நேர்மையாகத் தெரியவில்லை.

மகளுக்கு எட்டு வயது என்பதால் தடையேதும் இல்லை. நிறமியில்லாத ஜிங்க் ஆக்சைடு களிம்பை அவளுக்கு வாங்குங்கள். கண்ணைக் கசக்கும் வயதில் எரியாத வகை நல்லது, சற்று வெள்ளையாகத் தெரிவதைக் குழந்தைகள் பொருட்படுத்துவதும் குறைவு. முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் நண்பகல் நிழலும் முதலில். அவை மூடாத இடங்களுக்குத்தான் களிம்பு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் மருத்துவர் சொல்லாமல் எதையும் பூசக்கூடாது.

சன்ஸ்கிரீனால் மட்டும் மங்கு போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது கூடாமல் தடுக்கும், சிகிச்சை பலிக்க வழிவிடும். கருத்தடை மாத்திரை எடுப்பவராகவோ, கருவுற்றிருப்பவராகவோ இருந்தால் தோல் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். மங்குக்கு அவை காரணமாகலாம், மருந்துத் தேர்வும் அவற்றைப் பொறுத்து மாறும். மருந்துச் சீட்டில்லாமல் விற்கப்படும் மங்குக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. சில வாரங்களுக்கு முகம் பளிச்சென்று தெரிந்து, பிறகு தோல் மெலிந்து, நிறுத்தியதும் முன்னிலும் மோசமாகும்.

புதிதாக வாங்கும் எதையும் முகத்தில் பூசுமுன், முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில் நாளுக்கு இரண்டு முறை வீதம் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். வெயில் பட்டால் மட்டுமே கிளம்பும் ஒவ்வாமை இந்தச் சோதனையில் தப்பிவிடும். எனவே பூசத் தொடங்கிய பின், துணி மூடாத இடங்களில் மட்டும் அரிப்போடு சிவந்து தடித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூட்டுவலிக்குக் கீட்டோபுரோஃபென் ஜெல் தடவியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆக்டோகிரைலீனும் ஆக்சிபென்சோனும் ஒத்துக்கொள்ளாமல் போவது தெரிந்த செய்தி. போகும்போது அந்தக் குழாயையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பின்புறத்தில் அச்சிட்ட பட்டியலைப் பார்த்தால்தான் எந்தப் பொருளுக்கு ஒவ்வாமைச் சோதனை செய்வது என்று அவரால் முடிவெடுக்க இயலும்.